எந்தக் கேம் என்று தெரியாமல் கேம் வாங்குவது

டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் மழையும், கணினிக் கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீமின் குளிர்கால விற்பனையும் சேர்ந்துதான் வரும். ஒழுங்கை முழுக்க வெள்ளம், வெளியே போக வழியில்லை, கையில் போன். எங்கே பார்த்தாலும் எழுபது வீதம், தொண்ணூறு வீதம் கழிவு. இதே நேரம் பார்த்து, ஸ்டீமுக்கு வெளியே கீ (ஸ்டீமில் போட்டால் கேமைத் திறந்து தருகிற குறியீடு) விற்கிற இணையக் கடைகளும் தங்கள் மர்மக் கட்டுகளை இறக்கிவிடும். ஒரு டொலருக்கு ஒரு கேம், ஆறேழு டொலருக்குப் பத்துக் கேம். என்ன கேம் என்பது காசு கட்டிய பிறகுதான் தெரியும். பக்கத்தின் தலையில் ஊரறிந்த பெரிய கேம்களின் படங்கள். கீழே, "60 டொலர் வரை பெறுமதியான கேம் உங்களுக்குக் கிடைக்கலாம்" என்று ஒரு வரி.

கொக்குவிலில் நானும் மச்சானும் சில வருடங்களாக இதை வாங்கிப் பார்த்து வருகிறோம். பெரிய கேம் எதுவும் விழவே இல்லை என்று சொன்னால் பொய். விழுந்தது, மச்சானுக்கு. அதை அவன் அதற்கு முந்தைய விற்பனையிலேயே வாங்கி முடித்தும் விட்டிருந்தான். அவனுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு டொலருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்பவர்கள் பலர். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், கேம் செய்தவர்களுக்குக் கீகளை இலவசமாகவே உருவாக்கிக் கொடுக்கிறது. அந்தக் கீயை வேறு கடையில் விற்றால் வால்வ் அதில் பங்கு கேட்பதில்லை. ஸ்டீமுக்குள் விற்றால் பொதுவாக 30 வீதம் போய்விடும். 2017இல் கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பு முறையை நிறுத்திவிட்டு, ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டி வெளியிடுகிற ஸ்டீம் டைரக்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கதவு திறந்த மாதிரி. 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட கேம்கள் ஸ்டீமில் வெளியாகின. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. விற்காமல் கிடக்கிற கேமின் கீகளை ஆயிரக்கணக்கில், ஒன்று சில சதம் என்று மொத்தமாகத் தள்ளிவிட்டால் செய்தவருக்கும் ஏதோ வரும், கடைக்கும் ஏதோ நிற்கும். மர்மக் கட்டின் அடியில் கிடப்பது இந்தச் சரக்குத்தான். மேலே தூவியிருக்கிற நாலைந்து பெரிய பெயர்களை விளம்பரச் செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய பெயர்கள் எத்தனை கீக்கு ஒன்று வருகின்றன என்பதைச் சொல்லும் கடைகளும் உண்டு, சொல்லாதவையும் உண்டு. பஸ் நிலையத்தில் வாங்குகிற லொத்தர்ச் சீட்டில்கூடப் பரிசு விபரம் அச்சடித்திருக்கும். அதுவும் இல்லாத இடத்தில் நான் வாங்குவதில்லை. கணக்கு ஒன்றும் கடினமில்லை. நூறு கீயில் ஒன்று பெரிய கேம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கீ வாங்கினால் ஒன்றாவது பெரியதாக விழும் வாய்ப்பு 10 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது வாங்கினாலும் 40 வீதத்தைத் தொடாது. ஆயிரத்தில் ஒன்று என்றால் பத்துக் கீக்கு வெறும் ஒரு வீதம். "இன்னும் ஒரு கட்டு எடுத்தால் கட்டாயம் விழும்" என்று மச்சான் சொல்கிற ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைத்தான் அவனுக்கு எழுதிக் காட்டுவேன். முந்திய கட்டில் விழவில்லை என்பதற்காக அடுத்த கட்டு இரக்கப்படப்போவதில்லை.

கேம்களுக்கு உள்ளேயே, என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற லூட் பெட்டிகளை 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு சூதாட்டம் என்றே தீர்மானித்தது. மர்மக் கீ அதிலிருந்து கொஞ்சம் வேறு, ஏனென்றால் ஏதோ ஒரு கேம் கட்டாயம் கையில் வரும். ஆனால் திறக்கிற நிமிடத்தில் நெஞ்சு அடிக்கிற விதம் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இருந்து வாங்குபவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மர்மக் கட்டில் சொல்கிற "பெறுமதி" அமெரிக்கக்காரருக்கான முழு விலை. ஸ்டீம் எங்களுக்கும் டொலரில்தான் விலை காட்டுகிறது, ஆனால் அது அமெரிக்க விலை இல்லை. இலங்கை, பங்களாதேஷ், நேபாளம், பாகிஸ்தான், பூட்டான் ஆகியவற்றைச் சேர்த்துத் தெற்காசியாவுக்கென்று தனியான டொலர் விலை இருக்கிறது. அதைக் கேம் செய்தவர்கள் தாங்களே முடிவு செய்கிறார்கள். சிலர் குறைக்கவே மாட்டார்கள், பலர் பாதி அளவுக்குக் குறைத்து வைக்கிறார்கள். ஆகவே அங்கே 20 டொலர் என்று போட்டிருக்கிற கேம் இங்கே 10 டொலராக இருக்கலாம். குளிர்கால விற்பனையில் அதற்கு 75 வீதக் கழிவு வந்தால் இரண்டரை டொலர். பெயர் தெரிந்து, படம் பார்த்து, விமர்சனம் வாசித்து எடுக்கிற கேம் இரண்டரை டொலர் என்றால், பெயர் தெரியாத கேமுக்கு ஒரு டொலர் என்பது அவ்வளவு மலிவு இல்லை. கனடாவில் இருந்து வாங்குபவருக்கு இது நல்ல பேரமாகத் தெரியலாம். எங்களுக்குப் பேரம் ஸ்டீமுக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியில் இருக்கும் மர்மக் கடை தெற்காசியா என்று பார்த்துக் குறைப்பதில்லை.

எந்தக் கேம் எந்த மாதத்தில் எவ்வளவுக்கு இறங்கியது என்பதை ஸ்டீம்டிபி தளத்தில் நாட்டு வாரியாகப் பார்க்கலாம். பல கடைகளின் விலைகளை ஒன்றாக ஒப்பிட்டு, இதுவரை வந்த ஆகக் குறைந்த விலையைக் காட்டும் தளங்களும் உண்டு. மர்மக் கட்டின் விளம்பரப் படத்தில் இருக்கிற கேம்களை அங்கே தேடிப் பாருங்கள். 40 டொலர் என்று போட்ட கேம் வருடத்தில் பாதிக் காலம் நாலு டொலருக்குக் கிடப்பதைப் பார்த்தால் ஆசை பாதியாகிவிடும்.

பிறகு காசு. டொலரில் கட்டும்போது வங்கி தன்னுடைய மாற்று விகிதத்தைப் போட்டு, மேலே கட்டணமும் முத்திரை வரியும் சேர்க்கும். ஆகையால் கூகிளில் பார்க்கிற டொலர் விலையைப் பெருக்கிக் கணக்குப் பார்த்தால் சரிவராது. கடைசியில் வங்கியின் கணக்கு அறிக்கையில் இருப்பதுதான் உண்மையான விலை. நான் வங்கியின் விகிதத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் வைத்தே மனக்கணக்குப் போடுவேன். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360ஐத் தொட்டபோது, இந்தப் பழக்கம் எங்கள் செட்டில் பலருக்குத் தானாகவே நின்றுபோனது. கரண்டே அரைநாள் இல்லாத காலத்தில் கேம் வாங்கி என்ன செய்வது? டொலர் 300 அளவுக்கு வந்து நின்ற பிறகு மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்தோம்.

கார்ட் இல்லாதவர்கள் முகநூலில் கீ விற்கிறவர்களுக்கு வங்கியில் காசு போட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையான ஆட்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அந்தக் கீ எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, பல வேளை விற்பவருக்கும் தெரியாது. திருடப்பட்ட கடன் அட்டையில் வாங்கிய கீகள் இடைத்தரகு சந்தைகளுக்குள் வருவது புதிய கதை இல்லை. அட்டையின் சொந்தக்காரர் முறைப்பாடு செய்தால், வங்கி காசைத் திருப்பி எடுக்கும். கேம் செய்தவருக்குக் காசும் போய், வங்கிக்குத் தண்டமும் கட்ட வேண்டி வரும். அவர் அந்தக் கீயை ரத்துச் செய்வார். கடைசியில் வாங்கியவருடைய கணக்கில் இருந்து கேம் காணாமல் போகும். ஃபக்டோரியோ என்ற கேமைச் செய்த வூபே நிறுவனத்தின் 198 திருட்டுக் கீகள் தங்கள் சந்தையில் விற்கப்பட்டதை, பலர் கீ விற்கிற இணையச் சந்தையான ஜி2ஏ 2020இல் ஒப்புக்கொண்டு 39,600 டொலர் கொடுத்தது. பெயர் தெரிந்த கேமுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத கீயை யார் விற்கிறார் என்பதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. விற்பனை உரிமை பெற்ற கடை தான் எந்த வெளியீட்டாளர்களிடம் இருந்து நேரடியாகக் கீ எடுக்கிறது என்பதைத் தன் பக்கத்தில் எழுதியிருக்கும். பல விற்பனையாளர்கள் வந்து கடை விரிக்கிற சந்தை என்றால் மர்மக் கீயைத் தொடாதீர்கள்.

இனி, கீ கையில் வந்த பிறகு செய்ய வேண்டியவை. சில கடைகளில் முதலில் கேமின் பெயரைக் காட்டிவிட்டுப் பிறகுதான் கீயைக் கொடுப்பார்கள். சிலவற்றில் ஐந்து ஐந்தாகப் பிரித்த பதினைந்து எழுத்துகள் மட்டும் வரும், ஸ்டீமில் போட்டால்தான் பெயர் தெரியும். முதல் வகைக்கு இரண்டாம் வகையை விட ஒரு டொலர் கூடக் கொடுக்கலாம் என்பேன். ஏனென்றால் ஒரு கீயை உங்கள் கணக்கில் போட்டுவிட்டால் அதை வேறு யாருக்கும் மாற்ற முடியாது. பெயர் முதலே தெரிந்தால், இது எனக்கா, மச்சானுக்கா, கேம்பஸில் இருக்கிற பெடியனுக்கா என்று யோசித்துவிட்டுப் போடலாம்.

ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற கேமின் கீ வந்தால் பயப்படத் தேவையில்லை. ஸ்டீம் "இது உங்களிடம் இருக்கிறது" என்று சொல்லி மறுத்துவிடும், கீ செலவாகாது. மச்சானுக்கு விழுந்த அந்தப் பெரிய கேமை இப்போது நான்தான் விளையாடுகிறேன். அதற்காக அவன் என்னிடம் கொத்து ரொட்டி வாங்கித் தின்றது வேறு கதை. ஒரே கட்டுக்குள் ஒரே கேம் இரண்டு தடவை வராது என்று பல கடைகள் உறுதி கொடுக்கும். இரண்டு கட்டுகள் வாங்கினால் அந்த உறுதி பொதுவாகச் செல்லாது. அதனால் ஒரு விற்பனையில் ஒரு கட்டுக்கு மேல் எடுப்பது வீண். இரண்டு பேர் ஆளுக்கொரு கட்டு எடுத்து, இரட்டையாக வந்ததை மாற்றிக்கொள்வதுதான் புத்தி.

கீயைக் கையால் தட்டாதீர்கள், பிரதி எடுத்து ஒட்டுங்கள். பூச்சியமும் ஆங்கில ஓவும், ஒன்றும் ஆங்கில ஐயும் குழம்பும். பிழையான கீயைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஸ்டீம் ஒரு மணித்தியாலம் அளவுக்குக் கதவைச் சாத்திவிடும். திரும்பக் கொடுப்பதும் நடவாது. ஸ்டீமில் நேரடியாக வாங்கிய கேமை 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குள் விளையாடியிருந்தால் திருப்பிக் காசு எடுக்கலாம். வெளியில் வாங்கிய கீக்கு அந்த வசதி இல்லை. விற்ற கடையும், பெயரைத் திறந்து பார்த்த பிறகு காசு தராது.

நாட்டுப் பூட்டு என்று இன்னொன்று. எங்களுடைய ஊரில் யாருக்குத்தான் வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லை. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் ஒரு நாள் வட்ஸ்அப்பில், "தம்பி, நான் ரெண்டு மூண்டு கட்டு எடுத்தனான், எனக்குத் தேவையில்லாததை உனக்கு அனுப்புறன், போட்டுப் பார்" என்று கீகளை வரிசையாக அனுப்பினார். பலது வேலை செய்தது. சிலது "உங்கள் நாட்டில் இதைச் செயற்படுத்த முடியாது" என்று நின்றுவிட்டது. வட அமெரிக்காவுக்கென்று பூட்டிய கீகள் அவை. அண்ணாவிலும் பிழையில்லை, கீயிலும் பிழையில்லை. வீபிஎன் போட்டு நாட்டை மாற்றிக் காட்டினால் திறக்கும் என்று சில பேர் சொல்வார்கள். ஸ்டீமின் விதிக்கு அது முரண், கணக்கையே முடக்கலாம். வருடக்கணக்காகச் சேர்த்த கேம்கள் எல்லாம் இருக்கிற கணக்கை ஒரு டொலர் கீக்காகப் பணயம் வைக்கிறதா? வாங்குகிற பக்கத்திலேயே எந்த நாடுகளில் செல்லுபடியாகும் என்ற பட்டியல் இருக்கும். மர்மக் கட்டுக்கு அது இன்னும் முக்கியம், ஏனென்றால் கேம் வாரியாகப் பூட்டு மாறலாம்.

புதிதாகக் கணக்குத் திறந்து மர்மக் கீகளால் மட்டும் அதை நிரப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்டீமுக்குள் 5 டொலராவது செலவழிக்காத கணக்கு மட்டுப்படுத்தப்பட்ட கணக்காகவே இருக்கும். நண்பர்களுக்கு அழைப்பு அனுப்ப முடியாது, ஸ்டீமுக்குள் இருக்கிற சந்தையில் எதையும் விற்க முடியாது. வெளியில் வாங்கிய கீ அந்த 5 டொலர்க் கணக்கில் சேராது. கேம்பஸ் பெடியன் ஒருவன் இப்படித்தான் ஒரு லைப்ரரி நிறையக் கேமோடு, யாரையும் நண்பராகச் சேர்க்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

கேம் விளையாடும்போது ஸ்டீம் கணக்கில் விழுகிற வர்த்தகச் சீட்டுகளை (படம் போட்ட டிஜிட்டல் சீட்டுகள்) அந்தச் சந்தையில் விற்றுக் கட்டின் காசை எடுத்துவிடலாம் என்ற பேச்சும் உண்டு. ஒரு காலத்தில் அது ஓரளவு நடந்தது. சீட்டுக்காகவே போலிக் கேம்கள் பெருகியதால் வால்வ் 2017இல் முறையை மாற்றியது. போதுமான ஆட்கள் உண்மையில் வாங்கி விளையாடுகிற கேமுக்குத்தான் இப்போது சீட்டு. மர்மக் கட்டில் வருகிறவை பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழே. விழுந்தாலும் ஒரு சீட்டுக்கு மூன்று சதம், ஐந்து சதம். அதை நம்பி இறங்காதீர்கள்.

வீட்டுச் சமாச்சாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்காவின் மகன் லீவுக்கு வந்தால் என்னுடைய லப்டொப்பில்தான் விளையாடுவான். "மாமா, இண்டைக்கு என்ன வந்தது?" என்று கீ திறக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பான். ஒரு நாள் திறந்த பெயரைப் பார்த்ததும், "தம்பி, போய் அம்மம்மாவிட்ட தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா" என்று அவனை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மர்மக் கட்டுக்குள் வயதுவந்தவர்களுக்கான கேமும் வரும், எல்லாக் கடையும் அதை வடிகட்டுவதில்லை. அப்படி வந்தால் லைப்ரரியில் மறைத்து வைக்கலாம். வேண்டவே வேண்டாம் என்றால் ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் போய் அந்தக் கேமைக் கணக்கில் இருந்து நிரந்தரமாக நீக்கலாம். 2024இல் வந்த ஸ்டீம் ஃபமிலீஸ் வசதியில் ஒரு வீட்டில் ஆறு பேர் வரை கேம்களைப் பகிரலாம், பிள்ளை எந்தக் கேமைத் திறக்கலாம் என்பதைப் பெரியவர் முடிவு செய்யலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மர்மக் கட்டு வாங்குவதற்கு முதல் அதைச் சரிப்படுத்தி வைப்பது நல்லது. பெடியனுக்கு முன்னால் கீ திறப்பதை நான் இப்போது விட்டுவிட்டேன். கேமை விட அந்தத் திறக்கிற பரபரப்புத்தான் அவனுக்குப் பிடிக்க ஆரம்பித்தது, அது எனக்கு அவ்வளவு வடிவாகப் படவில்லை.

இறக்குவதும் செலவுதான். அளவு வைத்த டேட்டாப் பக்கேஜில் இருக்கிறவர்கள், வந்த கேம் எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்போம் என்று நினைக்கக்கூடாது. சின்னக் கேம்கள் ஒரு ஜிபிக்குள் முடியும். பெரியது விழுந்தால் 80, 100 ஜிபி என்று போகும், மாதத்துக் கணக்கு ஒரே இரவில் காலி.  இரவு டேட்டா தனியாக இருக்கிற பக்கேஜ் என்றால் அந்த நேரம் தொடங்கியதும் இறக்க விட்டுவிட்டுப் படுக்கலாம். மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பும்போது முடிந்திருக்கும், கரண்ட் போகாமல் இருந்தால். என்னுடைய லப்டொப்பில் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ஆகவே எந்தக் கேம் வந்தாலும் முதலில் அதன் ஸ்டீம் பக்கத்தில் தேவையான மெஷினைப் பார்த்துவிட்டு, விமர்சனங்களில் மிக அண்மையவற்றை வாசித்துவிட்டுத்தான் இறக்குவேன். கிடைத்ததில் பாதியை நான் இறக்கியதே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் வருடத்துக்கு ஒரு கட்டு எடுக்கத்தான் செய்கிறேன். காரணம் ரயில் பாதை போடுகிற ஒரு சின்னப் புதிர்க் கேம். பெயரைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ நான் அதை வாழ்நாளில் வாங்கியிருக்க மாட்டேன். அளவு அரை ஜிபிகூட இல்லை, என்னுடைய பழைய லப்டொப்பில் சூடு பிடிக்காமல் ஓடியது, அந்த மழைக்காலம் முழுக்க அதைத்தான் விளையாடினேன். துப்பாக்கிச் சூட்டுக் கேம்களைத் தவிர வேறு தெரியாதிருந்த மச்சானும் அதற்குள் விழுந்தான். பிறகு அதே ஆட்கள் செய்த அடுத்த கேமை முழு விலை கொடுத்தே வாங்கினோம். மர்மக் கட்டில் எனக்கு நல்லதாக நடந்தது இதுதான், விளம்பரப் படத்தில் இருந்த பெரிய கேம்களால் அல்ல.

ஆனபடியால் என்னுடைய ஒழுங்கு இப்போது இப்படி. விற்பனை தொடங்கியதும் முதலில் ஸ்டீமில் என் விருப்பப் பட்டியலைத் திறப்பேன். தெற்காசிய விலையில் எது இறங்கியிருக்கிறதோ அதை எடுப்பேன். ஒதுக்கிய காசில் மிச்சம் இருந்தால் மட்டும் ஒரு கட்டு. பெயரை முதலே காட்டுகிற, இலங்கையில் செல்லும் என்று எழுதியிருக்கிற, கீ எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று சொல்கிற கடையாக இருக்க வேண்டும். கார்ட் விபரத்தைக் கடையில் சேமித்து வைக்க மாட்டேன். நடு இரவில் "இன்னொன்று" என்று கை போகும்போது கார்டை எழும்பிப்போய் எடுக்க வேண்டி வருவது நல்லது. வாங்கிய கீகளைச் சும்மா ஈமெயிலில் போட்டு வைப்பதும் இல்லை. சில கடைகள் கீயை எடுக்கக் கடைசித் திகதி வைத்திருக்கின்றன, அது கடந்தால் காசு கட்டிய கீயும் கிடைக்காது. எனக்குத் தேவையில்லாதவற்றைப் பெயரோடு எழுதி எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன், முதலில் கேட்கிறவருக்கு. பெரும்பாலும் அம்பிடுவது மச்சானுக்குத்தான், அவன்தான் எந்த நேரமும் போனோடு இருக்கிறவன்.